பாத்திரம் கழுவும் லிக்விட் உப்புப் போட்டதும் தண்ணியானதற்கு

வணக்கம் நண்பரே. நீங்களே தயாரித்தபோது முதலில் கெட்டியான லிக்விட், இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டதும் நீர்த்துக் கலங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். உப்பு அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். சரக்கைக் கொட்ட வேண்டாம்.

உப்பு ஓர் அளவு வரைதான் கெட்டியாக்கும். அந்த உச்சத்தைத் தாண்டினால் அதே உப்பு நீர்த்துப்போகச் செய்யும், பிறகு சோப்பைப் பிரித்தும்விடும். நீங்கள் வாங்கியது 90 சதவீத ஆசிட் ஸ்லரி, அதாவது லிக்விட்டுக்கு நுரையும் அழுக்கு நீக்கும் சக்தியும் தரும் அமில மூலப்பொருள். அதில் மிச்சமிருக்கும் கந்தக அமிலம், ஸ்லரியை நடுநிலையாக்கப் போடும் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகிறது. அதுவும் உப்புதான்! நீங்கள் உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே அந்த உச்சத்துக்குப் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். கந்தக அமிலம் குறைவான 96 சதவீத ஸ்லரிக்குச் சொல்லும் உப்பு அளவை இதற்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

உப்பே போடாமல் ஸ்லரியைக் காஸ்டிக்கால் நடுநிலையாக்கி இன்னொரு கலவை தயார் செய்யுங்கள். ஒரு டம்ளர் பழைய சரக்கில் அதைச் சிறிது சிறிதாகக் கலந்து பாருங்கள். எந்த விகிதத்தில் தெளிந்து கெட்டியாகிறதோ, அதே விகிதத்தில் மொத்தமாகக் கலக்கலாம். ஆறிய பிறகே கெட்டித்தன்மையைப் பாருங்கள், சூட்டில் எப்போதும் நீர்த்தே தெரியும்.

அப்புறம், காஸ்டிக் செதில்களை நேராக ஸ்லரியில் போட்டதாக எழுதியதுதான் எனக்குக் கவலை. தயவுசெய்து இனி வேண்டாம். செதில்களை நிறையத் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, அதில் ஸ்லரியை மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். பிளாஸ்டிக் வாளி போதும், அலுமினியம் கூடவே கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.