அரசு வீடு, மானியம், வாடகை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாட்டில் வீட்டுத் திட்டங்கள் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, கிராமத்தில் குடிசையில் இருக்கிறோம். அப்பா பெயரில் பட்டா இருக்கிறது. எங்கே கேட்பது?

பட்டா இருந்தால் பாதிச் சுமை குறைந்தது, தம்பி. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை முதலில் பாருங்கள். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று 2024-இல் அறிவித்தார்கள். வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை போட வேண்டும். பணம் மொத்தமாக வராது. வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். அஸ்திவாரத்துக்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்க வேண்டி வரும்.

குடிசைக் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கேளுங்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் கிராம சபைக்குப் போங்கள். அக்டோபர் 2, ஜனவரி 26 போன்ற நாட்களில் கூடும். எழுந்து நின்று கேட்டு, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அங்கே பேசத் தயங்கியே வாய்ப்பை இழக்கும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: பிரதமர் வீட்டுத் திட்டத்தில் எங்கள் ஊரில் யார் யாருக்கு வீடு வந்தது என்று பார்க்க முடியுமா?

முடியும். கிராமப்புறத் திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கிப் போனால் பயனாளிகள் பட்டியல் கிடைக்கும். யாருக்கு ஒதுக்கினார்கள், எத்தனை தவணை போயிருக்கிறது என்பதுவரை இருக்கும். கட்டாத வீட்டுக்குப் பணம் போனதாகத் தெரிந்தால் அச்சடித்து எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: சார், சென்னையில் வாரியக் குடியிருப்பில் ஒரு வீட்டை 6 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். ஒதுக்கீட்டு ஆணையையும் கையில் தருவார்களாம். வாங்கலாமா?

வேண்டாம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்தான், 2021-இல் பெயர் மாறியது) ஒரு குடும்பத்தின் பெயருக்குத்தான் வீட்டை ஒதுக்குகிறது. கிரயப் பத்திரம் ஆகும்வரை அவர்களுக்கே அதை விற்க உரிமை இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால் வீட்டிலும் உரிமை வராது, கொடுத்த பணத்தையும் திரும்பப் பெற முடியாமல் அலைவீர்கள்.

நீங்களே நேராக விண்ணப்பிக்கலாமே? ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், குடும்பத்தில் யார் பெயரிலும் சொந்த வீடு இருக்கக்கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று எடுத்துக்கொண்டு வாரியத்தின் கோட்ட அலுவலகத்துக்கே போங்கள். பயனாளி பங்குத்தொகை என்று ஒன்று உண்டு. அதை வாரியத்தின் பெயரில்தான் கட்ட வேண்டும். தனி ஆள் கையில் ரொக்கமாகக் கேட்டால் அது லஞ்சம் அல்லது மோசடி. வேறு விளக்கமே கிடையாது.

கேள்வி: மாதச் சம்பளம் 40,000. வங்கிக் கடனில் வீடு வாங்கினால் மானியம் உண்டா?

உண்டு. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை இருப்பவர்களுக்கு வட்டி மானியம் இருக்கிறது. வீட்டின் விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம் என்று கணக்கிட்டு, அதிகபட்சம் 1.80 லட்சத்தை ஐந்து ஆண்டுத் தவணைகளில் தருவார்கள். நாட்டில் எங்கும் உங்கள் குடும்பத்துக்குப் பக்கா வீடு இருக்கக்கூடாது. மானியத்தை நம்பி விலை கூடிய வீட்டுக்குப் போகாதீர்கள். அது இல்லாமலும் தவணை கட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அண்ணா, தங்கைக்கு வேலை கிடைத்திருக்கிறது. பாதுகாப்பான விடுதி?

அரசின் தோழி விடுதிகளைப் பாருங்கள். சென்னை, கோவை, திருச்சி என்று பல ஊர்களில் இருக்கின்றன. இணையத்திலேயே பதிவு செய்யலாம்.

கேள்வி: வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான். ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் நிற்கும். அதனால் கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறையுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுங்கள். அட்வான்ஸ் திரும்பவில்லை என்றால் 15100-க்கு அழைத்துச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் வழக்கறிஞர் இலவசம்.