பால்சா கிட் விமானம் கட்டுகிறீர்களா? கேள்வி பதில்

ரேடியோ கன்ட்ரோல் விமானத்தைப் பால்சா என்ற லேசான மரத்துண்டுகள் அடங்கிய கிட்டில் இருந்து கட்டுகிறவர்கள் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை முதல் விமானம் கட்டுகிறவர்களின் கேள்விகள். அளவு சொல்ல வேண்டிய இடங்களில் நான் இரண்டு தடவை கட்டிய சிக் காடெட் எல்.டி.-40 என்ற அமெரிக்க டிரெய்னரை (பறக்கப் பழகுகிறவர்களுக்கான விமானம்) எடுத்துக்கொள்கிறேன். இறக்கை 70 அங்குலம், பரப்பு 900 சதுர அங்குலம், கட்டி முடித்தால் 6 பவுண்டுக்குள் நிற்கும். உங்கள் கிட் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): அண்ணா, கிட் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்ததும் முதலில் எதை ஒட்டுவது?

எதையும் ஒட்டாதீர்கள் தம்பி. முதல் இரண்டு நாள் பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். பிளானைச் சுவரில் மாட்டி, கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எந்தத் துண்டு எங்கே போகிறது என்று பென்சிலால் அதன் மேலேயே எழுதுங்கள்.

அடுத்து, நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி ஷீட்டுகளை எடை போடுங்கள். பால்சா ஒரே மரமாக இருந்தாலும் ஒரு ஷீட் மாதிரி இன்னொன்று இருக்காது. 1/16 அங்குலத் தடிமன், 3 அங்குல அகலம், 36 அங்குல நீளம் உள்ள ஷீட் ஒன்று 11 கிராம் இருக்கும், அதே அளவில் இன்னொன்று 18 கிராம் இருக்கும். லேசானதை வாலுக்கு ஒதுக்குங்கள், கனமானதை மூக்குப் பக்கம் போடுங்கள். ஸ்பார் குச்சிகளை, அதாவது இறக்கையின் நீளத்துக்கு முதுகெலும்பு மாதிரி ஓடுகிற குச்சிகளை, ஒரு முனையில் பிடித்து மறுமுனையை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரே மாதிரி வளைகிற இரண்டை ஜோடி சேர்த்து, ஒன்றை இடது இறக்கைக்கும் மற்றதை வலது இறக்கைக்கும் வையுங்கள். இரண்டு இறக்கையும் ஒரே விறைப்பில் இருந்தால் பின்னால் பல தலைவலிகள் வராது.

கேள்வி (ஈரோடு, ஒரு தாயார்): ஏழாவது படிக்கும் என் மகள் கேட்கிறாள். பால்சா என்ன மரம்? இவ்வளவு லேசாக எப்படி இருக்கிறது?

நல்ல கேள்வி. ஸ்பானிய மொழியில் பால்சா என்றால் தெப்பம். தென் அமெரிக்காவில், முக்கியமாக ஈக்வடாரில் வளர்கிற மரம். நம் ஊர் இலவம்பஞ்சு மரத்துக்கு உறவு, இதன் காயிலும் பஞ்சு உண்டு. மிக வேகமாக வளரும், ஆறு முதல் பத்து வருடத்துக்குள் வெட்டிவிடலாம். உயிரோடு இருக்கும்போது மரத்தின் பெரிய பெரிய செல்களில் தண்ணீர் நிரம்பியிருக்கும். வெட்டிச் சூளையில் உலர்த்தியதும் தண்ணீர் போய்க் காற்று மிஞ்சும், அதனால்தான் லேசு. 1947இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் இந்த மரக்கட்டைகளைக் கட்டித்தான் பெருவில் இருந்து பாலினேசியா வரை 101 நாள் கடலில் மிதந்து போனார். தெப்பம் என்று பெயர் வைத்தது சரிதான் என்று மகளிடம் சொல்லுங்கள். ஒரு துண்டை அவள் கையில் கொடுத்து நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், குழி விழும். அதைத் தொட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

கேள்வி (மதுரை): கட்டுவதற்குப் பலகை எப்படி இருக்க வேண்டும்? சாப்பாட்டு மேசை போதுமா சார்?

மேசை நடுவில் தொய்ந்திருந்தால் இறக்கையும் அப்படியே தொய்யும். மரக்கடையில் வளையாத ஃபிளஷ் டோர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கறையோ கீறலோ இருந்து விலை குறைத்துக் கொடுக்கிற கதவே போதும். ஓரத்துக்கு ஓரம் நூல் பிடித்து, நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். குறுக்காகவும் பிடித்துப் பாருங்கள். அதன் மேல் நோட்டீஸ் போர்டு செய்கிற சாஃப்ட் போர்டு ஒட்டினால் குண்டூசி இறங்கும். சாஃப்ட் போர்டு, அதற்கு மேல் பிளான், அதற்கு மேல் மெல்லிய பாலிதீன் என்ற வரிசையில் போடுங்கள். பாலிதீனை மறந்தால் இறக்கை பிளானோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (சேலம்): எல்லாவற்றுக்கும் ஃபெவிக்விக் வகைப் பசை போதுமா? எபாக்சி பலம் அதிகம் என்கிறார்களே, எல்லா இடத்திலும் அதையே போடலாமா?

எபாக்சி (இரண்டு டியூபில் வருவதைக் கலந்து போடும் பசை) பலம்தான், கனமும்தான். விமானத்தில் தேவையில்லாத ஒவ்வொரு கிராமையும் மோட்டார்தான் தூக்க வேண்டும். என்ஜின் மாட்டுகிற முன்பலகை, சக்கரக் கம்பி உட்காரும் கட்டை, இரண்டு இறக்கையும் சேருகிற நடு இணைப்பு ஆகிய இடங்களில் மட்டும் 30 நிமிட எபாக்சி போடுங்கள். 5 நிமிட எபாக்சி அவசர வேலைக்கு.

மற்ற இடங்களுக்கு நான் மஞ்சள் மரப்பசையை விரும்புகிறேன். மெதுவாகக் காயும், ஆனால் துண்டை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும், உப்புத்தாளில் மரத்தோடு சேர்ந்து தேயும். வெள்ளைப் பசை தேய்க்கும்போது ரப்பர் மாதிரி இழுக்கும். சி.ஏ. என்கிற ஃபெவிக்விக் வகை காய்ந்தால் கல். மென்மையான பால்சா தேய்ந்து பசைக் கோடு மட்டும் மேடாக நிற்கும், கவரிங் (மேலே ஒட்டிச் சூட்டில் சுருக்கும் மெல்லிய ஃபிலிம்) போட்டதும் அது நரம்பு மாதிரி தெரியும்.

சி.ஏ. பசையில் தண்ணீர் மாதிரி ஓடுகிற மெல்லிய வகைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. துண்டுகளை முதலில் இடைவெளி இல்லாமல் பொருத்தி, பிறகு விளிம்பில் ஒரு சொட்டு விட்டால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ரிப்புக்கும் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு மாதிரித் துண்டு) ஸ்பாருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சி.ஏ. ஊற்றி நிரப்பாதீர்கள். ஒரு பால்சாச் சீவலை வெட்டி அடையுங்கள். இன்னொன்று, சி.ஏ. காய்வதே காற்றில் உள்ள ஈரத்தால்தான். அதனால் கடலோர ஊரில் நினைத்ததைவிட வேகமாகப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புகை கண்ணுக்கு ஆகாது.

கேள்வி (திருநெல்வேலி): மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே சின்னச் சின்னப் பால்சாத் துண்டுகளை நார் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டச் சொல்கிறது பிளான். நான் மீந்த துண்டுகளைப் படுக்கை நாராக ஒட்டிவிட்டேன். பரவாயில்லையா?

பிரித்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். கவரிங் போடுவதற்கு முன் கேட்டதே நல்லது. அந்தத் துண்டுகளுக்கு ஷியர் வெப் என்று பெயர். விமானம் மேலே இழுக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். மேல் ஸ்பார் நசுங்கப் பார்க்கும், கீழ் ஸ்பார் இழுபடும். நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனிக் குச்சி, மேலே உள்ளது சட்டென்று மடங்கிவிடும். வெப் ஒட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே உத்தரமாகிவிடும். நார் செங்குத்தாக இருந்தால்தான் அது தூண் மாதிரி நின்று இரண்டையும் விலக்கிப் பிடிக்கும். படுக்கை நார் எளிதாக நசுங்கும், நார் ஓடுகிற திசையிலேயே பிளந்தும்விடும். உடலுக்குப் பக்கத்தில் உள்ள வெப்கள்தான் அதிகச் சுமை தாங்குகின்றன. ரிப்பின் ஓரம் வரை முட்டுகிறதா, மேலும் கீழும் பசை பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): இறக்கையைப் பலகையில் நேராகத்தான் கட்டினேன். எடுத்து வைத்து ஒரு வாரத்தில் முறுக்கிக்கொண்டது. கவரிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?

இந்தக் கேள்விக்குத்தான் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். பறக்கிற விமானத்துக்கும் விழுகிற விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இந்த முறுக்குதான்.

என் முதல் இறக்கையை ஐப்பசி மழையில் கட்டினேன். பசை காய்ந்திருக்கும் என்று நினைத்து அன்றைக்கு இரவே ஊசிகளை எடுத்து இறக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் இடது நுனியில் பின்விளிம்பு 6 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. சின்ன அளவுதானே என்று கவரிங் போட்டுப் பறக்கவிட்டேன். வேகத்தில் வலப்பக்கம் சாய்ந்தது, ரிமோட்டில் டிரிம் போட்டு, அதாவது ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் போகும்படி சிறு திருத்தம் வைத்து, நேராக்கினேன். இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்ததும் இடது இறக்கை சட்டென்று விழுந்தது, விமானம் சுழன்று தரையில் மோதியது. பின்விளிம்பு இறங்கிய நுனி காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கிறது. வேகம் இருக்கும்போது அந்தப் பக்கம் கூடுதலாகத் தூக்கும். வேகம் குறையும்போது மற்ற இடங்களுக்கு முன்பே அந்த நுனிதான் தூக்குவிசையை இழக்கும். டிரிம் அதை மறைக்கும், போக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? இறக்கையை மேசையில் வைத்துப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பின்விளிம்பையும் ஸ்பாரையும் ஒரே பார்வையில் பிடியுங்கள். இரண்டு கோடும் நுனி வரை இணையாக ஓட வேண்டும். நுனியில் பின்விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இருந்தால் பயமில்லை. பல பிளான்கள் அதை வேண்டுமென்றே கேட்கும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால் கட்டாயம் திருத்துங்கள்.

கவரிங் தானாகச் சரிசெய்யாது. கோணலாக இருக்கும்போது சூடுபடுத்தி இழுத்தால் அந்தக் கோணலையே பூட்டிவிடும். உங்கள் இறக்கைக்கு இன்னும் கவரிங் போடவில்லை. மரத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, எதிர்ப்பக்கம் சிறிது கூடுதலாக முறுக்கி, பலகையில் ஊசி குத்தி, மேலே புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விடுங்கள். ஷியர் வெப்பும் மேல்தோல் ஷீட்டும் ஒட்டாமல் விட்டிருந்தால் இப்போது, பலகையில் இருக்கும்போதே, ஒட்டிவிடுங்கள். அவைதான் முறுக்கைத் தடுக்கின்றன. கவரிங் போட்ட பிறகு மிஞ்சுகிற சிறு கோணலுக்கு ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் மேலும் கீழும் சூடு காட்ட வேண்டும். ஆறும் வரை கையை எடுக்கக் கூடாது. வீட்டில் பொறுமையுள்ள ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி (சென்னை): கவரிங் ஃபிலிமில் குமிழும் சுருக்கமும் வருகிறது. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அடிப்பக்கம் கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். ஃபிலிமின் பசை பிடிக்கும் சூடு வேறு, சுருங்கும் சூடு வேறு. ஓராகவர் வகைக்குச் சுமார் 100 டிகிரி செல்சியஸில் ஒட்டும், 150க்குப் பக்கத்தில் சுருங்கும். மோனோகோட் இன்னும் கொஞ்சம் சூடு கேட்கும். முதலில் குறைந்த சூட்டில் ஓரங்களை மட்டும் ஒட்டுங்கள், எல்லா ஓரமும் பிடித்த பிறகே நடுவைச் சுருக்குங்கள். ஷீட் போட்ட இடத்தில் குமிழ் வந்தால், மெல்லிய ஊசியால் ஒரு குத்து குத்திக் காற்றை வெளியேற்றி அழுத்துங்கள். தேய்த்த தூளைத் துடைக்காவிட்டால் பசை தூளில்தான் பிடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் விமானத்தை விட்டுப் போகாதீர்கள், நம் சித்திரை வெயிலுக்கு எந்த ஃபிலிமும் தொய்ந்துவிடும்.

கேள்வி (கோவை): பிளான் பெட்ரோல் மாதிரி எரிபொருள் என்ஜினுக்கு வரைந்தது. மோட்டார், பேட்டரி போடலாமா? எவ்வளவு சக்தி வேண்டும்?

தாராளமாக. டிரெய்னருக்குப் பவுண்டுக்கு 70 முதல் 100 வாட் என்பது கணக்கு. 6 பவுண்ட் காடெட்டுக்கு 600 வாட் வைத்தால் நிம்மதி. நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 14.8 வோல்ட், 40 ஆம்பியர் இழுத்தால் அது வந்துவிடும். ஸ்பீடு கன்ட்ரோல் 60 ஆம்பியராக வாங்குங்கள். எரிபொருள் டாங்க் இருந்த இடத்தில் பேட்டரியை வைத்து மேலே ஒரு மூடி வெட்டினால், இறக்கையைக் கழற்றாமல் மாற்றலாம். காற்று உள்ளே வர முன்னால் ஒரு துளை, வெளியேற அதைவிடப் பெரிய துளை பின்னால் வையுங்கள்.

கேள்வி (கோவை, அதே நண்பர்): கட்டி முடித்ததும் வால் கனமாக இருக்கிறது. ஈயம் வைப்பதா?

முதலில் பேட்டரியை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ தள்ளுங்கள். பிறகு சர்வோக்கள் (ரேடியோ சொல்கிறபடி மடல்களை அசைக்கிற குட்டி மோட்டார்கள்). ஈயம் கடைசி வழி. வாலில் கூடிய ஒரு கிராமுக்கு மூக்கில் சுமார் மூன்று கிராம் தேவைப்படும், ஏனென்றால் வால் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. பிளானில் எடைமையம் குறித்திருந்தால் அதுவே முடிவு. குறிப்பு கிடைக்காவிட்டால் நேரான இறக்கைக்கு முன்விளிம்பில் இருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதம். அந்த இடத்தில் இரண்டு விரலால் தாங்கினால் மூக்கு சற்றே தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் அன்றைக்குப் பறக்கவிடாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): முதல் பறத்தலை எங்கே, எப்போது வைக்கலாம்?

விடியற்காலை. ஆடிக் காற்றில் வேண்டவே வேண்டாம். அறுவடை முடிந்த வயல் நல்ல இடம், விழுந்தாலும் மெத்தை. கிளம்புவதற்கு முன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் டிரோன் வான்வெளி வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். 2021 டிரோன் விதிகளின்படி பச்சைப் பகுதியில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் இதை விடவே கூடாது. பதிவு பற்றிய விதியையும் படித்துக்கொள்ளுங்கள்.

களத்தில் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற மடல்) மேலே எழ வேண்டும். இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பாருங்கள். முதல் பறத்தலில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

கேள்வி (விழுப்புரம்): போன ஞாயிறு விழுந்துவிட்டது அண்ணா. இறக்கை இரண்டாக உடைந்தது. மூன்று மாத உழைப்பு. தூக்கிப் போடுவதைத் தவிர வழி உண்டா?

தூக்கிப் போடாதீர்கள் தம்பி. பால்சாவில் உடைந்ததைத் திரும்பக் கட்டலாம், அதற்காகவே எனக்கு இந்த மரம் பிடிக்கும். சிதறியதெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கட்டும், சின்னச் சீவல் கூட வேண்டும். உடைந்த ரிப்பை ஒட்டுப் படம் மாதிரி சேர்த்துப் பிளான் மேல் வைத்தால் புது ரிப்புக்கு அதுவே அச்சு. ஸ்பாரை நேராக வெட்டி முட்டி ஒட்டாதீர்கள். தடிமனைப் போல் பத்து மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி ஒட்டி, இரண்டு பக்கமும் மெல்லிய பிளைவுட் பட்டை வையுங்கள். இரண்டு பாதியும் பலகையில் ஊசி குத்தின நிலையில்தான் சேர வேண்டும். கவரிங்கை உடைந்த இடத்தில் மட்டும் உரித்து, வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை ரிப் புதிதாக வெட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.