போனைப் பிடுங்கும் முன்

13 வயது மகள் கேம் சாட்டில் '15 வயதுப் பையன்' ஒருவனோடு பேசுகிறாள், அவன் ஸ்னாப்சாட்டுக்குக் கூப்பிடுகிறான், போனைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள்.

எனக்கு உறுத்துவது அந்த இடமாற்றம்தான். ஸ்னாப்சாட்டில் செய்தியைப் படித்த பிறகு அது வழக்கமாகத் தானே அழிந்துவிடும், ஆதாரம் மிஞ்சாது. அப்புறம் "அம்மாகிட்ட சொல்லாதே" என்பான், அதற்குப் பிறகு ஒரு போட்டோ கேட்பான். நிஜமாகவே பையனாகவும் இருக்கலாம், சரி. ஆனால் அதை எப்படி உறுதிசெய்வீர்கள்?

இன்றிரவு பக்கத்தில் உட்கார்ந்து அந்த உரையாடலைச் சேர்ந்தே படியுங்கள். திட்டாமல். முதலில் பயனர் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பிறகு அந்தச் செயலியிலேயே புகார், கடைசியில்தான் பிளாக். அவசரப்பட்டு முதலிலேயே பிளாக் செய்தால் சில செயலிகளில் உரையாடலே காணாமல் போய்விடும்.

படம் ஏற்கெனவே போயிருந்து, அதை வைத்து மிரட்டினால் பணமோ இன்னொரு படமோ கொடுக்காதீர்கள். கொடுத்தால் கேட்பது கூடும். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படத்தின் டிஜிட்டல் கைரேகையை (படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீட்டை) மட்டும் வாங்கிக்கொண்டு, அதில் சேர்ந்துள்ள தளங்களிலிருந்து நீக்க உதவும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. போலீசுக்கும் போங்கள். தப்பு அவள்மேல் இல்லை என்று கிளம்பும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.