வாசகர் கேள்வி – பதில்: பெல்லா கொடுக்காத விலை

கேள்வி: பெல்லா என்ற பெண்ணுக்கும் எட்வர்ட் என்ற ரத்தக் காட்டேரிக்கும் இடையிலான காதலைச் சொல்லும் ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வரிசையில் முதல் மூன்று நாவல்களையும் விரும்பி வாசித்த எனக்கு, நான்காவதான ‘பிரேக்கிங் டான்’ பெரும் ஏமாற்றமாக அமைந்தது. 700 பக்கங்களுக்கு மேல் படித்து, போருக்கான ஆயத்தத்தையும் கடந்து வந்தால், கடைசியில் எட்வர்டின் கல்லன் குடும்பத்தினரும் காட்டேரிகளை ஆளும் வோல்டூரிகளும் பேசிக் கலைந்துவிடுகிறார்கள். போர் நடக்காததுதான் இந்நாவலின் குறையா?

பதில்: போர் நடக்காதது குறையன்று. சண்டையைச் சொல்லால் தீர்ப்பது என்பது மேயர் அறிந்தே எடுத்த முடிவு. எதிர்காலத்தைக் காணும் ஆற்றல் கொண்ட, எட்வர்டின் சகோதரி ஆலிஸ் வீட்டைவிட்டுப் போகும்போது எழுதிவைக்கும் குறிப்பு, ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகப் பிரதியிலிருந்து கிழிக்கப்பட்ட தாளில் இருக்கிறது. கத்தி தீட்டப்பட்ட பிறகு வாதத்தால் உயிர் பிழைக்கும் அந்த நாடகத்தை நினைவூட்டி, முடிவு எப்படி இருக்கும் என்பதை மேயர் முன்கூட்டியே உணர்த்திவிடுகிறார். ஆனால் அந்த நாடகத்தில் வழக்கு முடியும்போது, கத்தி தீட்டிய ஷைலாக் தன் செல்வத்தையும் மதத்தையும் இழந்து நிற்கிறான். இங்கே அந்தக் களத்தில் உயிரிழப்பவள் இரினா என்ற காட்டேரி ஒருத்திதான், அவளுக்காக வருந்தும் அளவுக்கு வாசகர் அவளோடு பழகியிருக்கவில்லை.

குறை அதற்கும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. மனிதப் பெண்ணுக்கும் ரத்தக் காட்டேரிக்கும் இடையிலான காதல் கதையில் வாசகரைப் பிடித்து நிறுத்துவது, அந்தக் காதலுக்குக் கொடுக்கவேண்டியிருக்கும் விலை. பெல்லா காட்டேரியாக மாறினால் பெற்றோரை என்றென்றைக்கும் பிரிய நேரும் என்றும், மாறியவர்கள் தொடக்க காலத்தில் ரத்த வெறியால் தம்மை மறந்துவிடுவார்கள் என்றும், குழந்தைப் பேறு இனி இல்லை என்றும், கல்லன் குடும்பத்தில் எவர் ஒரு மனிதரைக் கடித்தாலும் ஓநாயாக உருமாறும் மனிதர்களின் கூட்டத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கை முறிந்துவிடும் என்றும் முதல் மூன்று நாவல்கள் நம்மை எச்சரித்துக்கொண்டே வருகின்றன. குறிப்பாக மூன்றாம் நாவலில், தாயாக முடியாத தன் துயரத்தை எட்வர்டின் இன்னொரு சகோதரியான ரோசலி சொல்லும் பகுதி இந்த வரிசையிலேயே கனமான பகுதிகளுள் ஒன்று.

நான்காம் நாவலில் இந்தக் கணக்குகள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி ஆகின்றன. மாறுவதற்கு முன்பே பெல்லாவுக்குக் குழந்தை உண்டாகிவிடுகிறது. பெல்லாவைக் காதலிக்கும் ஓநாய் இளைஞன் ஜேக்கப் சம்மதம் தருவதால் உடன்படிக்கைச் சிக்கல் தீர்கிறது. முதல் வேட்டையிலேயே மனித வாடையை உணர்ந்தும் அவளால் விலகிச் செல்ல முடிகிறது. மகள் ஏதோ ஒன்றாக மாறிவிட்டாள் என்பதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தந்தை சார்லியும் வீட்டுக்கு வந்து போகிறார். கடைசிக் களத்தில் போர் நடக்கவில்லை என்று உங்களுக்கு எரிச்சல் வந்ததற்கு, அதற்குள் இழப்பதற்கு எதுவும் மீதமில்லாமல் போனதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2012இல் வெளிவந்த திரைப்படம் இதை ஓரளவு புரிந்துகொண்டது. முக்கியமானவர்கள் மடியும் ஒரு பெரும் போரைக் காட்டிவிட்டு, அது ஆலிஸ் கண்ட எதிர்காலக் காட்சி மட்டுமே என்று படம் திருப்புகிறது. தந்திரம்தான், ஆனாலும் இழப்பு எப்படி இருக்கும் என்பதைச் சில நிமிடங்களாவது பார்வையாளர் உணர முடிகிறது.

கேள்வி: மூன்று நாவல்களில் கவனமாக எழுதிய ஒருவர், முடிவில் ஏன் இப்படிச் செய்தார்? வாசகர்களின் நெருக்கடிக்குப் பணிந்துவிட்டாரா?

பதில்: இல்லை, நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. முதல் நாவல் 2005இல் அச்சாவதற்கு முன்பே, அதன் நேரடித் தொடர்ச்சியாக ‘ஃபாரெவர் டான்’ என்ற கையெழுத்துப் படியை மேயர் எழுதிவைத்திருந்தார். திருமணம், தீவில் தேனிலவு, உயிரைக் குடிக்கும் கர்ப்பம், பெல்லாவின் மாற்றம், வோல்டூரிகளின் வருகை ஆகிய அனைத்தும் அதிலேயே இருந்தன. பதின்பருவ வாசகர்களுக்கான வரிசையாக அது அமையவேண்டும் என்பதால் கதை பள்ளி நாட்களுக்குத் திரும்ப நேர்ந்தது. ‘நியூ மூன்’ 2006இலும் ‘எக்லிப்ஸ்’ 2007இலும் நடுவே வந்து சேர்ந்தன.

அந்த இரண்டு நாவல்களில்தான் ஜேக்கப் முழு மனிதனாக வளர்ந்தான். எட்வர்ட் விட்டுப்போன மாதங்களில் பெல்லாவைத் தேற்றியவன் அவன், எட்வர்டை ஏற்காத வாசகர்கள் பலர் அவன் பக்கம் நின்றார்கள். 2008இல் நான்காம் நாவலுக்கு வந்தபோது, முக்கோணக் காதல் இவ்வளவு வலுப்பெறாத காலத்தில் தீட்டிய முடிவையே மேயர் கைக்கொண்டார். சிறு வயதில் தைத்த சட்டையை வளர்ந்த பிள்ளைக்கு மாட்டியது போல ஆயிற்று.

இதன் விளைவு ஜேக்கப்பின் விஷயத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஓநாயாக உருமாறும் இளைஞர்களில் சிலர், ஒருவரைக் கண்ட கணத்தில் ஆயுளுக்கும் அவரோடு பிணைக்கப்பட்டுவிடுவார்கள் என்ற விதி முன்பே சொல்லப்பட்டதுதான். சின்னக் குழந்தையோடு அப்படிப் பிணைக்கப்பட்ட, ஜேக்கப்பின் நண்பன் குவிலை மூன்றாம் நாவலிலேயே நாம் சந்திக்கிறோம். ஆகவே விதியை மீறினார் என்று மேயர்மீது குற்றம் சாட்ட முடியாது. ஆனால் தான் காதலித்த பெண்ணின் பச்சிளம் மகளோடு ஜேக்கப் பிணைக்கப்படுவது பல வாசகர்களுக்கு அருவருப்பைத் தந்தது, எனக்கும் அது ஒப்பவில்லை. இரண்டு நாவல்களாக நாம் பகிர்ந்துகொண்ட அவனுடைய வலியை அவன் கடந்து வரவேயில்லை, ஒரே பார்வையில் அது அவனிடமிருந்து நீக்கப்படுகிறது.

கேள்வி: என் மகள் இப்போது மூன்றாம் நாவலில் இருக்கிறாள். அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: நிறுத்தச் சொன்னால் நான்காவதை இன்னும் வேகமாகப் படித்துவிடுவாள். மூன்றாம் நாவலின் பின்னுரை ஜேக்கப்பின் குரலில் வருகிறது. திருமண அழைப்பைப் பெற்றவன் ஓநாயாக மாறி ஓடிவிடுகிறான். பெல்லாவின் தேர்வுக்கு ஒருவர் உண்மையில் விலை கொடுக்கும் இடம் அது, என் கணக்கில் கதை அங்கேயே முடிந்துவிட்டது. நான்காம் நாவலில் ஜேக்கப் கதை சொல்லும் இரண்டாம் பாகத்தை மட்டும் தவறவிட வேண்டாம். விலா எலும்புகளை முறிக்கும் கருவைச் சுமந்தபடி பெல்லா ரத்தம் குடிக்கும் அந்தப் பக்கங்களில் அச்சமும் இழப்பும் உண்மையாகவே இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே ஜேக்கப்பின் குத்தலான நகைச்சுவையும் குறையாமல் இருக்கிறது. குழந்தை பிறந்தபின் வருவதை அவள் படித்துவிட்டு வரட்டும், குவில் பற்றியும் ஜேக்கப் பற்றியும் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள்.