முதல் வரைவு முடிந்தாயிற்று, இனி?

வரலாற்று நாவலின் முதல் வரைவை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று விழிப்பவர்கள் கேட்டவை இவை. நானும் நான்கு முறை அப்படி விழித்தவள்தான்.

அக்கா, மூன்று வருஷம் எழுதி போன வாரம் முடித்தேன். சந்தோஷத்துக்குப் பதில் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறது. சகஜமா?

சகஜம்தான் தம்பி. மூன்று வருஷம் கூடவே இருந்தவர்கள் ஒரே நாளில் கிளம்பிப் போனால் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். ஆறு வாரமாவது கைப்பிரதியைத் தொடாதீர்கள். கோப்பைத் திறந்து ஒரே ஒரு கமாவை மாற்றுவதும் தொடுவதுதான். தூங்குங்கள், நடங்கள். இத்தனை நாளாக "உம், உம்" என்று மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அந்த வீட்டு மனிதர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

மேடம், திரும்பப் படிக்கும்போது முதலில் எதைத் திருத்துவீர்கள்?

எதையும் திருத்தமாட்டேன். தாளில் அச்செடுத்து, கொட்டாவி வரும் இடத்தில் மட்டும் ஓரத்தில் கோடு போடுவேன். கோடு விழுபவற்றில் பாதி, ஆராய்ச்சி செய்ததில் நான் ரொம்பப் பெருமைப்பட்ட பக்கங்களாக இருக்கும். கப்பல் கட்டும் விதத்தை நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அதில் முதன்முதலாக ஏறியவன் பயந்தானா என்று ஒரு வரி இல்லை. நான்கு பக்கமும் போயிற்று. மரத்தின் வாசனை மட்டும் தங்கியது.

என் கதை 11ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. காலப் பிழைகளை எப்படிப் பிடிப்பது?

பொருளைவிட வார்த்தைதான் காட்டிக்கொடுக்கும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, 1492க்கு முன்னால் இந்தப் பக்கம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் இளவரசி ஜன்னலைத் திறப்பாள், காவலன் சாவியை எடுப்பான், ஓலை மேசைமேல் கிடக்கும். மூன்று சொல்லும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை. வாஸ்கோ ட காமா வந்து இறங்கியதே 1498இல்தான். சாளரம், திறவுகோல் என்று மாற்றிவிடலாம்; மேசையைத் தூக்கிவிட்டு ஓலையை மடியில் வையுங்கள். 'தயார்', 'வசூல்' எல்லாம் அரபு, பாரசீக வழி வந்தவை. கதை சொல்பவரின் நடையில் ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுவேன். பாத்திரத்தின் வாயில் வந்தால் விடமாட்டேன்.

'முதலாம் இராஜேந்திரர்' என்பதில் அந்த 'முதலாம்' பிற்கால ஆய்வாளர்கள் போட்டது. அவருடைய மந்திரியே அப்படிக் கூப்பிட்டால், இரண்டாமவர் வருவார் என்று ஜோசியமா பார்த்து வைத்திருந்தார்?

நிமிடத்தை அப்படியே நாழிகை ஆக்கிவிடுகிறார்கள், அதுவும் ஆபத்து. ஒரு நாழிகை 24 நிமிடம். "ஐந்து நாழிகையில் வருகிறேன்" என்று போன காதலன் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருவான்.

அப்புறம் நிலா. என் முதல் நாவலில் ஒரு பௌர்ணமி முடிந்து பத்தாம் நாள் இன்னொரு பௌர்ணமி வந்தது. நான்கு பேர் படித்தும் யாரும் கவனிக்கவில்லை. அச்சுக்குப் போகிற வாரம் என் கணவர் சிரித்துக்கொண்டே வந்து காட்டினார். இப்போதெல்லாம் காட்சிவாரியாக ஒரு அட்டவணை போட்டு நாள், திதி, ஒவ்வொருவர் வயது எல்லாம் குறித்துவிடுகிறேன்.

கல்வெட்டில் சக ஆண்டு மட்டும் இருந்தால்?

பெரும்பாலும் 78ஐக் கூட்டினால் கி.பி. வந்துவிடும். சக 932 என்றால் 1010. அந்தச் சக வருஷத்தின் கடைசி மாதங்களாக இருந்தால் 1011 ஆகிவிடும்.

ஒரு அரசரின் மரணத்துக்குக் காரணம் எங்குமே பதிவாகவில்லை. நான் கொலை என்று எழுதிவிட்டேன். தப்பா?

பதிவில்லாத இடம்தானே நாவலாசிரியருடைய இடம். தாராளமாகக் கொல்லுங்கள். நூலின் பின்னுரையில் அது உங்கள் கற்பனை என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாலு வருஷத்தில் யாராவது அதையே வரலாறு என்று மேடையில் பேசுவார்.

யாரிடம் படிக்கக் கொடுப்பது?

வரலாறு தெரிந்த ஒருவர், சுத்தமாகத் தெரியாத ஒருவர். முன்னவரிடம் "எப்படி இருக்கிறது" என்று கேட்காதீர்கள், "இந்த வரி விதிப்பு சரியா" என்று கேளுங்கள். பின்னவரிடம் எந்தப் பக்கத்தில் மூடி வைத்தார் என்று மட்டும் கேட்டால் போதும்.

அந்த ஆறு வாரத்தில் அடுத்த நாவலைத் தொடங்கலாமா?

குறிப்பு எடுங்கள், அத்தியாயம் வேண்டாம். நான் அப்படி ஆசையாகத் தொடங்கிய ஒன்று 60 பக்கத்தில் நிற்கிறது. அதில் ஒரு ஜன்னல் வேறு திறந்தே கிடக்கிறது.