குபர்நெட்டீஸில் (பல சர்வர்களில் செயலிகளை இயக்கும் அமைப்பு) ஹெல்ம் (அதில் மென்பொருளை நிறுவும் கருவி) மூலம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கிளஸ்டர் நிறுவினால், தனியாக டேட்டாபேஸ் நிர்வாகி தேவையா?

தேவை. "ஒரே கட்டளையில் மூன்று பாட் (டேட்டாபேஸின் ஓடும் நகல்கள்) எழுந்து நிற்கிறதே, இதற்கு எதற்கு ஓர் ஆள்?" என்று உங்கள் மேலாளர் கேட்டிருப்பார். என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள்.

சென்னை துரைப்பாக்கத்தில் நான் வேலை பார்த்த நிறுவனத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பழைய நிறுவலை ஹெல்ம் கொண்டு நீக்கிவிட்டு அதே பெயரில் மீண்டும் நிறுவினார். பாட்கள் எல்லாம் பச்சை. செயலிக்கு மட்டும் 'கடவுச்சொல் தவறு' என்றே பதில் வந்தது.

நிறுவலை நீக்கினாலும் ஸ்டேட்ஃபுல்செட் (தரவுள்ள பாட்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் பகுதி) உருவாக்கிய பிவிசிகள் (வட்டு இடத்துக்கான கோரிக்கைகள்) வழக்கமாக நீங்குவதில்லை. எங்கள் சார்ட்டோ (ஹெல்மின் நிறுவல் தொகுப்பு), நாம் கடவுச்சொல் தராவிட்டால் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். ஆக, சீக்ரெட்டில் (குபர்நெட்டீஸ் கடவுச்சொல்லை வைத்திருக்கும் இடம்) புதியது, வட்டில் இருந்த போஸ்ட்கிரெஸுக்குள் பழையது. தரவுக் கோப்பகம் காலியாக இருந்தால்தான் புதியதை அது எடுத்துக்கொள்ளும்.

"பிவிசியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவோம்" என்றார்கள். வட்டு எப்படித் தரப்படும், நீக்கப்படும் என்று சொல்லும் எங்கள் ஸ்டோரேஜ் கிளாஸின் விதி 'டிலீட்'. பிவிசி போனால் வட்டும் போகும், வாடிக்கையாளர் தரவும் போகும். வேண்டவே வேண்டாம் என்று தடுத்து நான் உட்கார்ந்தேன். முதன்மை பாடுக்குள் நுழைந்து, யார் எப்படி இணையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பில் உள்ளூர் இணைப்புக்கு மட்டும் சற்று நேரம் 'டிரஸ்ட்' (கடவுச்சொல் கேட்காதே) கொடுத்து, 'ஆல்டர் யூசர்' கட்டளையால் கடவுச்சொற்களை சீக்ரெட்டோடு பொருத்தினேன். கோப்பைப் பழையபடி மாற்றியதும் செயலி இணைந்தது. தரவில் ஒரு வரிகூடப் போகவில்லை.

வெளியே வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. செலவைக் குறைக்கிறோம் என்று பெண்களுக்கான இரவு வண்டியை அந்த நிறுவனம் நிறுத்தியிருந்தது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட ஓ.எம்.ஆரில், கூப்பிட்ட ஆட்டோக்கள் ஒவ்வொன்றாக ரத்தாக, நின்றுகொண்டிருந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் சர்வருக்கு மூன்று நகல் வைப்பவர்களுக்கு, அதைக் காப்பாற்றுபவளை வீட்டில் சேர்க்க ஒரு வண்டி வைக்க முடியாதா?

ஹெல்மைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2020-லேயே சிஎன்சிஎஃப் என்ற திறந்தமூல அறக்கட்டளையில் 'கிராஜுவேட்' (முதிர்ந்த திட்டம்) ஆன கருவி அது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் ரோல்பேக் கொடுத்தால் யாமல் கோப்புகளில் எழுதிய அமைப்புதான் பழைய நிலைக்குத் திரும்பும், அழிந்த அட்டவணை திரும்பாது. கிளவுட்நேட்டிவ்பிஜி போன்ற ஆப்பரேட்டர் (டேட்டாபேஸைத் தானே கவனிக்கும் மென்பொருள்) இருக்கிறதே என்பீர்கள். முதன்மை விழுந்தால் அடுத்ததை அது உயர்த்திவிடும், சரி. பேக்கப்பை எடுத்து வேறிடத்தில் மீட்டுப் பார்ப்பது யார்?

உங்கள் வேல்யூஸ் கோப்பில் (சார்ட்டுக்கு நாம் தரும் அமைப்புகள்) கடவுச்சொல்லுக்கு நீங்களே உருவாக்கிய சீக்ரெட்டைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். மூன்று பாட்களும் ஒரே நோடில் (ஒரே இயந்திரத்தில்) உட்கார்ந்திருக்கின்றனவா என்பதையும்.