பட்லர் பே: சர்ஃபிங் செய்கிறவரும் நீந்துகிறவரும் சேர்ந்து போனால்

கேள்வி: நானும் நண்பர்கள் இருவரும் சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்தில் சர்ஃபிங் பழகியிருக்கிறோம். இடுப்பளவு அலையில் எழுந்து நின்று திருப்பத் தெரியும். ஏப்ரல் மாதம் அந்தமானில் கூட்டமில்லாத பட்லர் பே கடற்கரைக்குப் போக நினைக்கிறோம். என் மனைவியும் வருகிறார். அவருக்கு நீச்சல் குளத்தில் நன்றாக நீந்த வரும், கடலில் பழக்கமில்லை. எப்படித் திட்டமிடுவது? எதில் கவனம் வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். பட்லர் பே இருக்கும் லிட்டில் அந்தமான் தீவில் சர்ஃபிங்குக்கு மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை நல்ல பருவம். ஆனால் ஒன்றை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் மூவருக்கும் அலை நன்றாக அமைகிற நாளில், உங்கள் மனைவி நீந்த பட்லர் பே ஏற்ற இடம் இல்லை. இரண்டையும் ஒரே கடற்கரையில் ஒரே நேரத்தில் நடத்த முயல்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. அவருக்கு வேறு இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குமுன், அங்கே வரும் அலையைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம்.

அலை எங்கிருந்து வருகிறது

பட்லர் பே கிழக்கு பார்த்த நீண்ட மணல் கரை. தீவின் கப்பல் துறையான ஹட் பேயிலிருந்து வடக்கே சுமார் 14 கிலோமீட்டர். ஏப்ரலில் அங்கே உடையும் நல்ல அலைகள் உள்ளூர்க் காற்றில் பிறந்தவை அல்ல. தென் இந்தியப் பெருங்கடலின் புயல்களில் உருவாகி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, தீவின் தென்முனையைச் சுற்றி வளைந்து வருபவை. அதனால்தான் வானம் தெளிந்து காற்றே இல்லாத காலையிலும் அலை திடீரென்று பெரிதாகிறது.

முன்னறிவிப்பில் எல்லோரும் அலையின் உயரத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு அலைகளுக்கு இடையிலான நொடிகளை. 7 நொடி இடைவெளி உள்ள அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 76 மீட்டர். 14 நொடி என்றால் சுமார் 306 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்தில் கடலடியை உணரத் தொடங்கும். நீள அலை 150 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை உணர்ந்து வளையத் தொடங்குவதால், அதுதான் தீவைச் சுற்றி கிழக்குக் கரைக்கு வந்து சேர்கிறது. 8 நொடி, 9 நொடி அலைகள் பெரும்பாலும் நேராகப் போய்விடும். ஆகவே முன்னறிவிப்பில் 2 மீட்டர் உயரம், 9 நொடி என்று போட்டிருந்தால் பட்லர் பேயில் ஏமாற்றமே மிஞ்சலாம். 1.5 மீட்டர், 15 நொடி என்றால் கரையில் நல்ல அலை கிடைக்கும். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில் இடைவெளி இரட்டிப்பானது இரு மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. கரையை நெருங்கும்போது அது இன்னும் உயர்ந்தும் நிற்கும்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அந்தமான் கடலுக்கும் அலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. கிளம்பும் முன்பும் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் அதைப் பாருங்கள். அதில் ‘கள்ளக்கடல்’ (தொலைதூரப் புயலால் திடீரென்று எழும் அலை) எச்சரிக்கையோ உயர் அலை எச்சரிக்கையோ இருந்தால் அன்று யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை நான் ஒப்புக்காகச் சொல்லவில்லை. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் இறந்தது இதே வகை அலையில்தான். எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது.

இருபது நிமிடம் கரையில் நில்லுங்கள்

நீள இடைவெளி அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள் வந்தபின் கடல் பத்து நிமிடம், சில நேரம் அதற்கும் மேல், அடங்கிக் கிடக்கும். புதிதாக வருபவர் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, கடல் அமைதியாக இருக்கிறது என்று இறங்குவார். மார்பளவுத் தண்ணீருக்குப் போய்ச் சேரும்போது அடுத்த கூட்டம் வந்துவிடும். எனவே ஈரமாவதற்கு முன் குறைந்தது இருபது நிமிடம் பாருங்கள். இரண்டு கூட்டங்களையாவது கண்டபிறகு முடிவெடுங்கள்.

அந்த நேரத்தில் இழுப்பு நீரோட்டத்தைத் தேடுங்கள். அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் திரும்பிப் போக மணல்திட்டுகளுக்கு நடுவே ஒரு வாய்க்காலை அறுத்துக்கொள்ளும். இருபக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கருத்த பட்டை தெரிந்தால் அது வாய்க்கால். நுரையும் சருகும் கடலை நோக்கி நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு, அலை அடிக்காத அந்த இடம்தான் குளிக்க வசதியானதாகத் தெரியும். கடற்கரைச் சாவுகள் பலவற்றுக்கு இந்தத் தவறுதான் காரணம். நீர் வற்றும்போது, குறிப்பாக வற்றம் பாதியைக் கடந்தபின், இழுப்பு கடுமையாகும்.

நல்ல நீச்சல்காரர் நொடிக்கு 1 மீட்டர் போவார். இழுப்பு சாதாரணமாக நொடிக்கு அரை மீட்டர் இருக்கும், பெரிய அலை நாளில் 2 மீட்டர்வரை போகும். எதிர்த்து நீந்தினால் களைத்துத் தோற்பதுதான் பெரும்பாலும் நடக்கும். அது ஆளை அடியில் இழுக்காது, வெளியே மட்டும் கொண்டு போகும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கமாக நீந்துங்கள். பிறகு அலைகளே கரைக்குத் தள்ளும். சர்ஃபிங் செய்கிறவர்களிடம் பலகை இருக்கிறது, அதை விட்டுவிடவே கூடாது.

உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். மூவரும் ஒரே நேரத்தில் அலைக்குள் போகாமல், ஒருவர் எப்போதும் கரையில் இருங்கள். மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் தண்ணீர்க் கேனை 15 மீட்டர் கயிற்றில் கட்டிக் கையோடு வைத்துக்கொள்ளட்டும். யாரேனும் தத்தளித்தால் முதலில் மிதப்பதற்கு எதையாவது எறிய வேண்டும். வெறுங்கையோடு காப்பாற்றப் பாய்கிறவர்தான் பல நேரம் இரண்டாவதாக இறப்பவர்.

உங்கள் மனைவி எங்கே நீந்துவது

ஹட் பேயிலிருந்து பட்லர் பே போகும் வழியில், அதற்குச் சற்று முன்னால், காலாபத்தர் இருக்கிறது. கரும்பாறைகள் அரண்போல் தடுத்த சிறு நீர்ப்பரப்பு அது, நிழலும் உண்டு. நீர் ஏறத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இறங்குவது நல்லது. முழு வற்றத்தில் பாறை காலைக் கிழிக்கும். அலை பெரிதாக உள்ள நாளில் உச்ச ஏற்றத்தில் பாறைக்கு மேலாகவும் தண்ணீர் கொட்டும். தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 2 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். பாறையில் நடக்க ரப்பர் அடி கொண்ட காலணி வேண்டும்.

குளத்தில் ஐம்பது சுற்று நீந்துகிறவருக்கும் கடலில் முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீர் போதும். கால் ஊன்ற முடிகிற ஆழம், கரைக்கு இணையாக நீச்சல், கரையில் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர். அலை பிடிக்கிற ஆள் நடுநடுவே திரும்பிப் பார்ப்பதைக் காவல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலையைப் பற்றிப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு, கடலிலும் நீந்தும். 2010-இல் ஹேவ்லாக் தீவில் முதலை தாக்கி ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். ஓடைகள் கடலில் கலக்கும் இடங்களுக்கும் அலையாத்திக் காடுகளின் ஓரத்துக்கும் போகவே போகாதீர்கள். அந்தி சாய்ந்தபின், விடியும் முன், மழைக்குப் பின் நீர் கலங்கியிருக்கும்போது தண்ணீரில் இருக்காதீர்கள். அன்றன்று காலையில் ஊர்க்காரரிடமோ வனத்துறையினரிடமோ, “இந்தப் பக்கம் முதலை தென்பட்டதா?” என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். வெட்கப்பட வேண்டிய கேள்வி அல்ல, அங்கே எல்லோரும் கேட்பதுதான்.

சர்ஃபிங்கை எப்போது, எப்படி

அந்தமானில் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் வெகுமுன்பே வந்துவிடும். ஏப்ரலில் காலை 5 மணிக்கெல்லாம் விடியும், மாலை ஐந்தரை தாண்டினால் இருட்டு. காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும்வரை அலையின் முகம் வழுவழுப்பாக நிற்கும். ஒன்பது, பத்து மணிக்குமேல் கடல்காற்று கிழக்கிலிருந்து கிளம்பி அலையைக் கலைத்துவிடும். எனவே நன்கு வெளிச்சம் வந்ததும் இறங்கி ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசுவது) தலைகாட்டத் தொடங்கினால் கிழக்குக் கரைக்கு அது சாதகம், பகலிலும் அலை சீராக இருக்கும். மே மூன்றாம் வாரத்தை ஒட்டிப் பருவமழை வந்துவிடும். அதற்குப்பின் அலை இருந்தாலும் கப்பல் நிச்சயமில்லை.

உங்கள் தேர்ச்சிக்கு மார்பளவைத் தாண்டிய அலையில் இறங்க வேண்டாம். மணல் கரையில் அலை சில நாள் வரிசையாக விரியாமல் ஒரே மூச்சில் மொத்தமாக மூடும். அப்படி மூடுகிற நாளில் பலகையும் கழுத்தும்தான் உடையும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் முதுகிலோ பக்கவாட்டிலோ தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரு கையாலும் தலையை மூடியபடி வாருங்கள். வெளியே போகும்போது பலகை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் இருக்கக் கூடாது.

பலகை வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 7 முதல் 8 அடிவரையிலான, மிதவை அதிகமுள்ள பலகை உங்களுக்குப் பொருந்தும். விமான நிறுவனத்திடம் பலகையின் நீளத்தை முன்கூட்டியே சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பலகையின் நீளத்துக்குச் சமமான லீஷ் (பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு) இரண்டு, உபரி ஃபின் (பலகையின் அடியில் பொருத்தும் துடுப்பு), அதன் திருகு, சாவி எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 28 டிகிரிக்கு மேல் இருப்பதால் கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கும் வாக்ஸில் வெப்பக் கடலுக்கானதுதான் ஒட்டும். மற்றது உருகி வழியும். பலகையைப் பழுதுபார்க்கும், தீப்பற்றும் ரெசினை விமானத்தில் விடமாட்டார்கள். பலகையில் விரிசல் விழுந்தால் நன்கு காயவைத்து நீர்புகா ஒட்டுநாடா போட்டுச் சமாளிக்கலாம்.

மருந்துப் பையில் போவிடோன் அயோடின், சிறு இடுக்கி, மென்மையான பிரஷ், வினிகர், ஓஆர்எஸ் இருக்கட்டும். பவளப்பாறை கிழித்த காயத்தைச் சுத்தமான தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, துகள் ஒன்றுகூட இல்லாமல் எடுக்க வேண்டும். வலிக்கும், ஆனால் விட்டுவைத்தால் அந்த ஈரப்பதத்தில் மூன்றாம் நாள் சீழ் வைக்கும். மீன் முள் குத்தினால் சுட்டுவிடாத அளவு வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள், விஷம் சூட்டில் வலுவிழக்கும். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல் வினிகர் ஊற்றுங்கள். மணல் ஈக்கள் அதிகம். வெறும் மணலில் உட்காராமல், முழுக்கை முழுக்காலோடு இருங்கள். கடி சொறிந்தால் புண்ணாகி, புண்ணோடு கடலில் இறங்க முடியாமல் போகும்.

போகக் கூடாத இடங்கள்

லிட்டில் அந்தமான் ஓங்கே மக்களின் மண். அவர்கள் இன்று நூற்றுச் சொச்சம் பேரே. டுகாங் கிரீக், சவுத் பே, மேற்குக் கரை ஆகியவை பழங்குடிக் காப்புப் பகுதிகள், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவது குற்றம். மேற்கே நல்ல அலை இருப்பதாகச் சொல்லி யாராவது படகில் அழைத்தாலும் போகாதீர்கள். வெளியாரிடமிருந்து தொற்றும் நோய்கள் அவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தவற்றில் முக்கியமானவை. ஒரு அலைக்காக அதைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. பவளம், சங்கு பொறுக்கி எடுத்துவருவதும் சட்ட விரோதம். சேட்டிலைட் போன், அதைப் போன்ற அவசரச் செய்திக் கருவிகள் முன் அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் ஹட் பே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. நிலம் கடுமையாகவோ நெடுநேரமோ அதிர்ந்தால் சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுப்பக்கம் நடந்துவிடுங்கள். போன அன்றே தங்குமிடத்தில் மேடு எந்தப் பக்கம் என்று கேட்டு வையுங்கள்.

பயணம்

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து ஹட் பேக்கு அரசுக் கப்பல், கப்பலைப் பொறுத்து ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். ஹேவ்லாக்கின் தனியார் சொகுசுக் கப்பல்களை மனதில் வைத்து இதைக் கணிக்காதீர்கள். ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்குமே முன்னுரிமை, பலகையும் ஏறாது. வழியில் டங்கன் நீரிணைப் பகுதியில் கப்பல் ஆடும். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே போட்டுவிடுங்கள். ஹட் பேயில் ஏடிஎம்மை நம்பாமல் ரொக்கம் எடுத்துப் போங்கள். 2020-இல் கடலடிக் கேபிள் வந்தும், கரையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது. உதவிக்கு 112. பெரிய காயமென்றால் போர்ட் பிளேருக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

தீவில் நாலு நாள் இருக்க வேண்டுமென்றால் மொத்தம் ஒன்பது நாள் ஒதுக்குங்கள். டிக்கெட் கப்பல் புறப்படுவதற்குச் சில நாள் முன்புதான் திறக்கும். காற்று எழுந்தால் கப்பல் நிற்கும். ஆகவே ஹட் பேயிலிருந்து திரும்பும் கப்பலுக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவே இரண்டு முழு நாள் இடைவெளி விடுங்கள். ஹட் பேயில் இறங்கியதும் திரும்பும் கப்பலின் டிக்கெட் எப்போது கொடுப்பார்கள் என்று துறையிலேயே கேட்டுவிட்டு, பிறகு பட்லர் பேக்கு வண்டி பிடியுங்கள்.